ஒன்பதில் எதுடா கெட்டது?

கிட்டார் கம்பிகளை உள்ளங்கையால் அழுத்தினால், அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் அடங்க வேண்டும். என்னுடையது அடங்கவில்லை. கெயின் குமிழ் ஆறைத் தாண்டியதும் ஸ்பீக்கரிலிருந்து ஊசி போல ஒரு கீச்சொலி கிளம்பும். இரண்டு நொடி விட்டால் அது வீறிடலாகிவிடும். முதலில் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் மீதுதான் சந்தேகப்பட்டேன். கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன், அப்போதும் கத்தியது. அப்படியென்றால் கிட்டார் நிரபராதி, சிக்கல் ஆம்புக்குள்ளேதான். உள்ளே என்றதும் எல்லோருக்கும் வருகிற எண்ணமே எனக்கும் வந்தது: டியூப்கள் போய்விட்டன, மாற்ற வேண்டும்.

(டியூப் என்பது ஆம்புக்குள் சிக்னலைப் பெருக்குகிற கண்ணாடிக் குழாய். அப்படி எழுதும்போது டியூப்லைட் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியவில்லை. வால்வு ரேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறை இதை வால்வு என்றுதான் சொல்லும். கிட்டார்காரர்கள் வாயில் டியூப் என்றே ஒட்டிக்கொண்டுவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.)

என் ஆம்ப் 100 வாட் ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டி. ஐந்து சின்ன டியூப்கள், எல்லாமே 12ஏஎக்ஸ்7. நான்கு பெரிய டியூப்கள் (பவர் டியூப்கள்), இஎல்34. ஒன்பதையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். எது கெட்டது என்று தேடுவதைவிட எல்லாவற்றையும் தூக்கிப் போடுவது சுலபமாகத் தெரிந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, கண்ணாடி ஆறும்வரை காத்திருந்து, பின்பக்கத் தகட்டைக் கழற்றி, சின்ன டியூப்களை மூடியிருந்த உலோகக் கூடுகளை அழுத்தித் திருகி எடுத்து, ஒவ்வொரு டியூபையும் லேசாக வட்டமாக ஆட்டி ஆட்டி உருவினேன். புதியதைச் செருகும்போது ஒன்றின் ஊசி வளைந்துவிட்டது, மூக்குக் குறடால் நிமிர்த்திக்கொண்டேன். அரை மணி நேர வேலை. ஆம்பைப் போட்டேன். கெயினைப் பத்து வரை திருப்பினேன். கீச்சொலி இல்லை.

அன்று இரவு நண்பனுக்கு நீளமாகச் செய்தி அனுப்பினேன். ஒலியின் மேல் கிடந்த கம்பளியை யாரோ உருவி எடுத்தது போல இருக்கிறது, கீழ்ச்சுருதி இறுகிவிட்டது, மேல்சுருதியில் பளபளப்பு வந்துவிட்டது என்றெல்லாம். பழைய ஒன்பதையும் ஒரு பெட்டியில் போட்டு மேலே ‘காலி’ என்று எழுதி வைத்தேன். அதற்கு முந்தைய செட்டை இதைவிட மோசமாக நடத்தியிருந்தேன். அது நேராகக் குப்பைக்குப் போயிருந்தது.

சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்த நண்பன் பெட்டியைப் பார்த்தான். அவன் தானே ஆம்ப் கட்டுகிறவன். அவனிடம் இருப்பது இரண்டு இஎல்34 போட்ட 50 வாட் ஆம்ப், பழைய பாணி, கெயின் குறைவு. “காலின்னா எனக்குக் கொடு, பார்க்கிறேன்” என்று எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் அதே பெட்டியோடு திரும்பி வந்து மேசையில் வைத்தான்.

“ஒன்பதையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன். எல்லாமே நல்லாத்தான் பாடுது. இதுல எதுடா கெட்டது?”

என்னிடம் பதில் இல்லை.

பெருக்கல் கணக்கு

அவன் போன பிறகு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டியூபின் உச்சியில் உள்பக்கமாகக் கண்ணாடியில் ஒரு வெள்ளிப் பூச்சு இருக்கும். பேரியத்தை ஆவியாக்கிப் படிய வைத்த அந்தப் பூச்சு, உள்ளே மிச்சமிருக்கும் வாயுவைப் பிடித்துக்கொள்வதற்கானது. காற்று புகுந்துவிட்டால் அது சுண்ணாம்பு போல வெளுத்துவிடும். டியூப் செத்ததற்கு அதைவிட வெளிப்படையான அடையாளம் கிடையாது. ஒன்பதிலும் வெள்ளி பளபளவென்று அப்படியே இருந்தது. நான் ஒரு முறைகூட அதைப் பார்க்காமல்தான் ‘காலி’ என்று எழுதியிருக்கிறேன்.

அவன் ஆம்பில் வாயை மூடிக்கொண்டிருக்கும் டியூப் என் ஆம்பில் ஏன் கத்துகிறது? இதற்குப் பதில் கெயின் (பெருக்கம்) என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, நான்தான் அதை வெறும் குமிழின் பெயராக நினைத்துக்கொண்டிருந்தேன். 12ஏஎக்ஸ்7 என்பது ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள், அதாவது தனித்தனியே பெருக்கக்கூடிய இரண்டு பகுதிகள். ஐரோப்பாவில் இதன் பெயர் இசிசி83. ஏட்டில் ஒவ்வொரு டிரையோடின் பெருக்கக் காரணி 100. சர்க்யூட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு கட்டத்துக்கு 50, 60 மடங்கு கிடைக்கும். பழைய பாணி ஆம்பில் இப்படி இரண்டு அல்லது மூன்று கட்டம். ஹை கெயின் ஆம்பில் நான்கு, ஐந்து. இடையிடையே ரெசிஸ்டர்கள் சிக்னலை வெட்டிக் குறைக்கின்றன என்பதால் எல்லா எண்களையும் அப்படியே பெருக்கிவிட முடியாது. ஆனாலும் முதல் டியூபில் நுழைகிற எதுவும், அது இசையாக இருந்தாலும் தூசியாக இருந்தாலும், கடைசியில் பல்லாயிரம் மடங்கு ஊதிப் பெருத்துத்தான் வெளியே வரும்.

இப்போது டியூபின் உடலை நினைத்துப் பாருங்கள். எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பி சுருளாகச் சுற்றியிருக்கிறது, அதுதான் கிரிட். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. அந்த இடைவெளி கொஞ்சம் அதிர்ந்தாலும் எலக்ட்ரான் ஓட்டம் அதிரும். ஓட்டம் அதிர்ந்தால் அதுவும் ஒரு சிக்னல்தான். அதாவது எல்லா டியூபும் ஓரளவுக்கு மைக். எவ்வளவு மைக் என்பதில்தான் வித்தியாசம். என் ஹெட் உட்கார்ந்திருப்பது நான்கு ஸ்பீக்கர் கேபினெட்டின் தலையில். ஸ்பீக்கர் அதிர, டியூப் அதிர, அந்த அதிர்வு பல்லாயிரம் மடங்காகி மறுபடி ஸ்பீக்கருக்கே போக, பாம்பு தன் வாலைத் தானே விழுங்குகிற கதை. அந்தச் சுற்று மூடிக்கொள்கிற கணம்தான் நான் கேட்ட வீறிடல். கெயின் குறைந்த ஆம்பில் இந்தச் சுற்று மூடிக்கொள்வதே இல்லை. அதே டியூப் அங்கே சாது.

இதை நான் ஆம்ப் வாங்கிய புதிதிலேயே படித்திருந்தேன். படித்ததும் தெரிந்ததும் ஒன்றில்லை போலிருக்கிறது.

பென்சில்

நண்பனை மறுபடி கூப்பிட்டேன். ஒரு மரப் பென்சிலோடு வந்தான். மரம் மின்சாரத்தைக் கடத்தாது, கனமும் இல்லை, டியூபைத் தட்டிப் பார்க்க இதைவிட நல்ல கருவி எதுவும் வேண்டியதில்லை. முதலில் பழைய ஐந்து 12ஏஎக்ஸ்7-ஐயும் திரும்ப ஆம்பில் போட்டுக் குற்றவாளியைப் பிடிப்போம் என்பது திட்டம். “எது எந்த சாக்கெட்ல இருந்துச்சு?” என்று கேட்டான். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. ஐந்தும் ஒரே பெட்டியில் உருண்டுகொண்டிருந்தவை. சரி, கைக்கு வந்த வரிசையில் போடு என்றான், போட்டேன்.

ஆம்பைப் போட்டுச் சூடேறக் காத்திருந்து, சூடு மட்டும் ஓடவிட்டு ஒலியை நிறுத்தி வைக்கிற ஸ்டான்ட்பை சுவிட்சை விடுவித்து, கெயினை ஆறு, ஏழு, எட்டு என்று ஏற்றிக்கொண்டே போனேன். பத்தில் நிறுத்தினேன். ஹை கெயின் ஆம்புக்கே உரிய அந்த ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் இருந்தது. அது எந்த டியூப் போட்டாலும் இருக்கும். வேறு எதுவும் இல்லை. கீச்சொலி இல்லை. நான் தூக்கி எறிந்த அதே ஐந்து டியூப், என் அதே ஆம்ப், அதே கேபினெட். மாறியிருந்தது வரிசை மட்டும்.

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன், என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். எனக்கு மனதில் ஓடியது அந்தக் குப்பைக்குப் போன செட். அதிலும் ஒரே ஒரு டியூப்தான் உட்காரக் கூடாத இடத்தில் உட்கார்ந்திருந்ததோ என்னவோ. அதை இனி யாரும் தட்டிப் பார்க்க முடியாது.

பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு முறையும் அணைத்து, சூட்டுக்குத் துணி சுற்றிப் பிடித்து, ஒரு டியூபை முதல் சாக்கெட்டுக்கு நகர்த்துவது. வால்யூமைக் குறைத்து, கெயினை ஏற்றி, பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டுவது. முதல் சாக்கெட்டில் எந்த டியூபைத் தட்டினாலும் ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று கேட்கத்தான் செய்யும். அதைக் கேட்டுப் பயந்து நல்ல டியூபைக் கழற்றுகிறவர்கள் உண்டு. சந்தேகப்பட வேண்டியது தட்டி முடித்த பிறகும் நீள்கிற ஒலியை. மூன்று டியூப் ‘டொக்’ என்றன. ஒன்று ‘டொக்’ என்று சொல்லி லேசாகக் கரகரத்தது. ஐந்தாவதைத் தட்டியதும் கோயில் மணி போல ‘டிங்ங்ங்’ என்று இழுத்தது, இழுப்பு அடங்குவதற்குப் பதிலாக ஏறியது, ஏறி எனக்குப் பழக்கமான அந்த வீறிடலாகவே மாறியது. நண்பன் பாய்ந்து ஸ்டான்ட்பையைத் தட்டினான்.

அதை எடுத்துக் கடைசி சாக்கெட்டில் போட்டோம். அது பவர் டியூப்களுக்குப் பக்கத்து இருக்கை. சிக்னலை ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு பாதியாகப் பிரித்து நான்கு இஎல்34-க்கும் பங்கு போடுகிற வேலை, ஃபேஸ் இன்வெர்ட்டர் என்பார்கள். அதற்குப் பிறகு பவர் பகுதியைத் தவிரப் பெருக்கல் எதுவும் பாக்கி இல்லை. கெயின் பத்து. தட்டினான். காதைக் கேபினெட்டில் வைத்தால்தான் கேட்கிற ஒரு ‘டொக்’.

இருக்கைகள்

அன்றிலிருந்து ஐந்து சாக்கெட்டையும் ஐந்து வேலையாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன். முதல் இருக்கைக்கு ஊமை டியூப் வேண்டும். வேறு தகுதி பெரிதாகத் தேவையில்லை. விற்கிறவர்கள் இரைச்சல் குறைவானதைப் பொறுக்கித் தனியாக விற்பது இந்த ஒரு இடத்துக்குத்தான். ஐந்துக்கும் அப்படி வாங்குவது வீண் செலவு என்பது இப்போது என் கருத்து. எதிரொலி மாதிரி வெளிக் கருவிகளை இணைக்கிற எஃபெக்ட்ஸ் லூப்பில் உட்காருவது எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் பரவாயில்லை. ஃபேஸ் இன்வெர்ட்டரில் இரண்டு பாதியும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் நல்லது.

தந்திரமான இடம் டோன் குமிழ்களுக்கு முன்னால் வருகிற கேத்தோடு ஃபாலோயர், சிக்னலைப் பெருக்காமல் அப்படியே கடத்துகிற கட்டம். பல ஹை கெயின் ஆம்ப்களில் அது உண்டு. பொதுவாகக் கேத்தோடு தரைக்கு ஒன்றிரண்டு வோல்ட் மேலேதான் இருக்கும். இங்கே அது நூறு வோல்ட்டைத் தாண்டி மிதக்கும். அதற்குள்ளேயே இருந்து அதைச் சூடாக்கும் ஹீட்டரோ தரைக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் இடையிலிருக்கும் மெல்லிய காப்புப் பூச்சுதான் அத்தனை வோல்ட்டையும் தாங்குகிறது. சில டியூப்கள் இதைத் தாங்காது, கரகரக்க ஆரம்பிக்கும். என் செட்டில் கரகரத்த அந்த ஒன்று எந்த இருக்கையிலிருந்து வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஊகம் மட்டும் இருக்கிறது. அந்த ஒன்றைத்தான் ஒன்பதில் உண்மையிலேயே ஓய்வு கொடுக்க வேண்டிய டியூப் என்று முடிவு செய்தோம். நண்பன் ஆம்பில் அதுகூடச் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது.

கம்பளி

ஒரு விஷயம் பாக்கி இருந்தது. கம்பளி உருவியது, பளபளப்பு வந்தது என்றெல்லாம் எழுதி அனுப்பினேனே, அது?

கேட்டே விடுவோம் என்று தீர்மானித்தோம். ஒரே ரிஃபை (சின்ன கிட்டார் துணுக்கை) ஆம்ப் இல்லாமல் நேரடியாகக் கணினியில் பதிவு செய்து, அதையே ஆம்புக்குள் அனுப்பினோம். வாசிப்பில் வித்தியாசம் வரக் கூடாது அல்லவா. மைக்கை அசைக்கவில்லை, குமிழ்களைத் தொடவில்லை. பழைய செட்டோடு ஒரு பதிவு, புதிய செட்டோடு ஒரு பதிவு. சத்த அளவைச் சமப்படுத்தினோம், ஏனென்றால் சற்றே உரக்க இருப்பது எப்போதும் சற்றே நன்றாக இருப்பது போலத் தோன்றும். அவன் மாற்றி மாற்றிப் போட, நான் திரும்பி உட்கார்ந்து சொன்னேன். பத்தில் ஆறு சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் கிட்டத்தட்ட அதுதான் வந்திருக்கும்.

இதை வைத்து டியூபுக்கு டியூப் வித்தியாசமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. முதல் இருக்கையில் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டு, காரணி 70 உள்ள 5751-ஐப் போட்டுப் பாருங்கள், கெயின் இறங்குவது யாருக்கும் கேட்கும். ஒரே வகை டியூபில் ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போடுவதைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தப் பெயர்களிலும் ஒரு கூத்து உண்டு. இன்று புதிதாக டியூப் செய்கிற தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஸ்லோவாக்கியாவின் சாட்சாவில் ஜேஜே, ரஷ்யாவின் சராத்தோவில் ஒன்று, அப்புறம் சீனாவில் செய்கிறவர்கள். சோவ்டெக், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்-சோல், மல்லர்ட் என்று தனித்தனிப் பெட்டியில் வருகிற இன்றைய டியூப்கள் அந்த ஒரே சராத்தோவ் ஆலையிலிருந்து வருபவை. வடிவமைப்பு வேறுபடும் என்பது உண்மைதான், ஆனால் பழைய இங்கிலாந்து மல்லர்டுக்கும் இதற்கும் பெயர்தான் உறவு. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் அந்த ஆலையின் டியூப்கள் நின்றுபோனபோது இது எவ்வளவு குறுகிய சந்து என்பது எல்லோருக்கும் புரிந்தது. குப்பைக்குப் போன என் செட்டை அப்போதும் ஒரு முறை நினைத்துக்கொண்டேன்.

ஹை கெயின் ஒலியின் குணத்தை எது தீர்மானிக்கிறது என்று என்னைக் கேட்டால், கண்ணாடி மேல் அச்சடித்த பெயரைவிட ஒரு சாதாரண ரெசிஸ்டரைத்தான் காட்டுவேன். மார்ஷல் 2203-இல் ஒரு டிரையோடின் கேத்தோடுக்குக் கீழே 10 கிலோ ஓம் இருக்கிறது. 1987-இல் வந்த சோல்டானோ எஸ்எல்ஓ-100-இல் அந்த இடத்தில் 39 கிலோ ஓம். வழக்கமாக அங்கே இருப்பது ஒன்று, இரண்டு கிலோ ஓம்தான். இத்தனை பெரியதைப் போட்டதும் அந்த டிரையோடு பாதித் தூக்கத்தில் இருக்கும். அலையின் ஒரு பக்கம் வந்தால் விழிக்கும், மறுபக்கம் வந்தால் சட்டென்று அணைந்துவிடும். அலையின் ஒரு தலையைச் சீவி எறிகிற அந்த வேலைதான் நாம் ரசிக்கிற கடுகடுப்பில் பெரும்பங்கு. அங்கே எந்தத் தொழிற்சாலை டியூபைச் செருகினாலும் ரெசிஸ்டர் சொல்கிற இடத்தில்தான் தலை விழும்.

பெரிய டியூப்கள்

இஎல்34 நான்கையும் பற்றி ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் முறை மாற்றியபோது நான் பயாஸ், அதாவது சும்மா இருக்கும்போது டியூபில் ஓடும் மின்னோட்டம், சரியா என்று பார்க்கவே இல்லை. சின்ன டியூபைச் செருகுவது போலவே செருகிவிட்டுப் போய்விட்டேன். இது வண்டியை ஐட்லிங் சரிபார்க்காமல் ஓட்டுவது போன்றது என்றால் குறைத்துச் சொல்வதாகும். பயாஸ் அதிகமானால் டியூபின் பிளேட், எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடு, மங்கிய சிவப்பில் பழுக்கும். அதைப் பார்த்த நொடியில் அணைக்காவிட்டால் டியூபோடு போகாமல் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகலாம். என் அதிர்ஷ்டம், தப்பித்தேன். நண்பன் அளந்தபோது பிளேட்டில் 460 வோல்ட், டியூபுக்கு 31 மில்லி ஆம்பியர். பெருக்கினால் 14 வாட் சொச்சம். இஎல்34-இன் பிளேட் 25 வாட் தாங்கும், அதில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். அந்தக் கணக்கில் 38 வரை போகலாம். நாங்கள் 35-இல் நிறுத்தினோம். வித்தியாசம் கேட்டதா? வீட்டில் வாசிக்கிற அளவில், மாஸ்டர் வால்யூம் இரண்டில் இருக்கும்போது, எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் பவர் டியூப்கள் பாதி வேலைகூடச் செய்வதில்லை, கடுகடுப்பெல்லாம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மேடையில் உரக்க வைத்து வாசிக்கிறவருக்கு, தேய்ந்துபோன நான்கை மாற்றியதும் கீழ்ச்சுருதி இறுகுவது நிஜமாகவே தெரியும்.

இந்த அளவெடுப்பை நான் செய்யவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன். சின்ன டியூப் மாற்ற ஆம்பின் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. பயாஸ் பார்க்க என் ஆம்பில் திறந்தே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக் கூடியவை. நண்பன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மறு கையால் மட்டும் வேலை செய்தான். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நெஞ்சு வழியாகத்தான் போகும் என்றான். அதைக் கேட்டதும் நான் இன்னும் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

இப்போது பெட்டியில் ‘காலி’ என்ற எழுத்தை அடித்துவிட்டு, ஒவ்வொரு டியூபின் உறையிலும் அது எந்த இருக்கையில் எப்படி நடந்துகொண்டது என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘1-இல் மணி. 5-இல் சாது.’ ‘4-இல் போடாதே.’ அந்த மணியடித்த டியூப் இன்றைக்கும் ஐந்தாவது இருக்கையில்தான் இருக்கிறது. அதற்காகப் புதியது ஒன்றைக் கழற்றி உறையில் போட்டேன். பழைய இஎல்34 நான்கும் நண்பனிடம். எப்போது திருப்பித் தருவாய் என்று போன வாரம் கேட்டேன்.

“அதான் காலின்னு எழுதியிருந்தியேடா” என்றான்.